வான் பார்க்கப் போன நீலச் சேட்டுகள்

நான்காவது மாப்பிள்ளை வீட்டாரும் வந்து, நான் சுட்ட பயற்றம் பணியாரத்தை ஒன்றும் மிச்சம் விடாமல் தின்று, தேத்தண்ணீர் குடித்து, கிணற்றுத் தண்ணீர் சவரா நன்னீரா என்றுகூட விசாரித்து, "சொல்லி அனுப்புறம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு நாள் பின்னேரம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"இனி ஒருத்தரும் இந்த வீட்டை வந்து என்னைப் பாக்கத் தேவையில்லை. நான் என்ன, விலைபேசக் கட்டி வச்ச மாடே? வேணுமெண்டால் நான் போய் ஆளைப் பாக்கிறன். பிடிச்சால் சொல்லுறன். ஆர் பொம்பிளையெண்டு அந்தாளுக்குத் தெரியவே கூடாது."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அன்னபாக்கியம் என்று பெயர் வைத்தார்களே தவிர, பாக்கியம் எதையும் தான் காணவில்லை என்று அடிக்கடி சொல்லுவார். அப்பா தவறிப்போன பிறகு அந்தச் சொல் இன்னும் கூடிவிட்டது.

"உனக்கென்ன விசரே விமலேஸ்? எந்த ஊரில பொம்பிளை போய் மாப்பிள்ளை பாத்தது?"

"கண்டாவளையில."

என் தங்கை யதுர்ஷிகா குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரித்த சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்புத்தான். நான் கலியாணம் முடிக்காமல் அவளுக்கு மாப்பிள்ளை பேசமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தரகர் ஐயாத்துரை அண்ணை இதைக் கேட்டுக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, "உதுவும் நல்ல யோசினைதான்" என்றார். "கோயில் வீதியில தூர நிண்டு பொம்பிளை காட்டுறதுதானே, அதை மாத்திச் செய்வம். இரணைமடுக் குளம் வான் பாயுது. சனமெல்லாம் பாக்கப் போகுது. வட்டக்கச்சியில ஒரு பெடியன், கதிர்காமநாதன் எண்டு, நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை விடிய அவரை வானடிக்குக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் வான் பாக்க வந்த ஆக்கள் மாதிரி வாங்கோ. ஒருத்தருக்கும் ஐமிச்சம் வராது."

"ஆளை எப்பிடித் தெரியும்?"

"நீலச் சேட்டுப் போட்டிருப்பார். கையில கறுப்புக் குடை."

குளம் முட்டி, கொள்ளாத தண்ணீர் கதவுகளால் கொட்டுவதைத்தான் எங்கள் பக்கத்தில் வான் பாய்வது என்போம். எங்களுக்கு அருவி என்று இருப்பது அதுதான். நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு பழைய கலண்டர் தொங்கியது. வருடம் எப்போதோ முடிந்துபோனாலும் அதில் மலைநாட்டு நீர்வீழ்ச்சிப் படம் இருந்ததால் ஒருவரும் கழற்றவில்லை. துணி வாங்க வருகிற சனம் அதைப் பார்த்து, "உது எங்க பிள்ளை கிடக்கு?" என்று கேட்கும். எனக்கு எப்படித் தெரியும்? சண்டைக் காலம், வவுனியாவுக்குப் போகவே பாஸ் வேண்டும். மலைநாட்டை நான் கலண்டரில் கண்டதுதான்.

புறப்படுகிற அன்று விடிய அம்மா என்னைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிறுத்திச் சொன்னார். "இதோட சரி. நீ கேட்டபடியே விட்டிருக்கிறன். இதையும் தட்டிக் கழிச்சால் இனி ஐயாத்துரையரை இந்தப் படலைக்குள்ள எடுக்கமாட்டன். சின்னவளுக்குப் பேசுவன். நீ சங்கக் கடையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரு."

எனக்கு உள்ளே பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு காலமும் மற்றவர்கள் பார்த்தார்கள், மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், திட்டுவதற்கு எனக்கு ஆட்கள் இருந்தார்கள். இம்முறை பார்க்கப்போவது நான். பிழைத்தால் திட்டுவதற்கு என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

பெரியம்மாவின் மகன் யோகலிங்கம் அண்ணாவின் லாண்ட்மாஸ்டரில் போனோம். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஓடுகிற இரண்டு சில்லு உழவு மெசின். இழுக்கிறதைவிடப் புகைக்கிறது அதிகம். பெட்டிக்குள் சாக்கு விரித்து, புட்டும் முட்டைப்பொரியலும் வாழையிலையில் கட்டி வைத்துக்கொண்டு, அம்மாவும் யதுர்ஷிகாவும் நானும் இருந்தோம். இரண்டாயிரத்தோராம் ஆண்டுத் தை மாதம். ஒரு பக்கம் மட்டும் சண்டையை நிறுத்தியிருந்த நாட்கள். மற்றப் பக்கம் என்ன செய்யுமென்று தெரியாவிட்டாலும் சனம் வெளிக்கிட்டுவிட்டது. முரசுமோட்டையில் இருந்தே முன்னுக்கும் பின்னுக்கும் சைக்கிள்கள், மாட்டு வண்டில்கள், எங்களைப்போல லாண்ட்மாஸ்டர்கள். வீதியில் குழிகள் இருந்தன என்பதைவிடக் குழிகளுக்கு நடுவே கொஞ்சம் வீதி இருந்தது என்பதுதான் சரி. அம்மா ஒவ்வொரு குழிக்கும் ஒரு முருகா சொன்னார்.

வானடிக்கு வரமுன்னமே சத்தம் வந்துவிட்டது. காதுக்கு வந்ததைவிட நெஞ்சுக்குத்தான் முதலில் வந்தது. அணைக்கட்டில் ஏறிப் பார்த்தால், கதவுகளுக்குக் கீழால் தண்ணீர் செம்மண் நிறத்தில் பிதுங்கி விழுந்து, நுரைத்து, புகை மாதிரித் தூவானம் எழும்பி நின்றது. கலண்டரில் அருவிக்குச் சத்தம் இல்லை, அது வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இது ஆளைப் பிடித்து உலுப்பியது. கொஞ்ச நேரம் நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துபோனேன். சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு யதுர்ஷிகா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அக்கா, ஆக்களைப் பார்."

பார்த்தேன். அணைக்கட்டில் நீலச் சேட்டு. பாலத்தில் நீலச் சேட்டு. மதகடியில், மரத்தடியில், கடலைக்காரனைச் சுற்றி, எங்கே திரும்பினாலும் நீலச் சேட்டு. ஒரே நீலம். கரையில் சின்ன வெள்ளைக் கோடு ஓடுகிற அதே துணி.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அட கோதாரி! அந்தப் பொங்கலுக்கு எங்கள் சங்கங்களுக்கு வவுனியாவில் இருந்து லொறியில் வந்த சேட்டுத் துணி ஒரேயொரு நிறம்தான். மற்றதெல்லாம் தடை, இல்லாவிட்டால் தட்டுப்பாடு. அந்த நீலத்தைக் கண்டாவளைக்கு அளந்து கிழித்துக் கொடுத்தவள் நான். விரல் வீங்க வீங்கக் கிழித்தேன். வட்டக்கச்சிச் சங்கத்திலும் ஒருத்தி இருந்து அப்படித்தான் கிழித்திருப்பாள். நீலச் சேட்டு அடையாளம் என்று ஐயாத்துரை அண்ணை சொன்னபோது, ஓமென்று தலையாட்டிய என்னை என்ன செய்தால் தகும்?

"உனக்கு இவ்வளவு பேரும் வந்திருக்கினம் அக்கா," என்றாள் யதுர்ஷிகா. "எனக்கும் ஒண்டை விடு."

"வாயைப் பொத்தடி."

குடையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் மழை தூறிக்கொண்டிருந்தது, குடை இல்லாத ஆள் இல்லை. ஐயாத்துரை அண்ணையைத் தேடினோம். அவரைக் காணவில்லை. யோகலிங்கம் அண்ணாவை அனுப்பி, வட்டக்கச்சி ஆட்கள் யாரென்று விசாரித்து வரச் சொன்னேன். போனவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"எல்லாரும் வட்டக்கச்சிதான். வட்டக்கச்சி இங்க பக்கத்திலதானே கிடக்கு."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு நீலச் சேட்டு கடலைக் கோதை ஒரு கிழவியின் தலையில் ஊதிவிட்டுச் சிரித்தது. இவனாக இருந்தால் நான் வானுக்குள் குதிப்பேன் என்று நினைத்தேன். இன்னொன்று குடையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி சீப்பால் தலை சீவிக்கொண்டு நின்றது. மற்றொன்று பெண்பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்துக்கொண்டு வந்து, என்னிடம் வந்ததும் என்னைத் தாண்டி யதுர்ஷிகாவுக்குப் பார்வையைக் கொண்டுபோனது. அது கதிர்காமநாதனாக இருக்கக்கூடாது என்று நான் நேர்ந்துகொள்ளாத தெய்வம் இல்லை.

அப்போதுதான் அவரைக் கண்டேன். கீழே, வான் தண்ணீர் பாதையை மூடி ஓடுகிற இடத்தில், முழங்கால் தண்ணீருக்குள் ஒரு நீலச் சேட்டு நின்றது. பாதைக்கு அங்காலே போனால்தான் தண்ணீர் விழுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம். ஆனால் கொங்கிறீற்றில் பாசி. சனம் வழுக்கி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தன் குடையை மடக்கி, வளைந்த பிடியை நீட்டிப் பிடித்திருந்தார். பெண்கள் அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு கடக்கிற நேரம் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒருதடவை இல்லை, ஒவ்வொருதடவையும்.

வானடியில் நிற்கச் சொல்லி அனுப்பிய ஆள் வானடியில்தானே நிற்பார்? நீலச் சேட்டு சரி. குடை சரி. இவர்தான், என்று என் மனம் சொன்னது. இவர்தானாக இருக்க வேண்டும் என்று சொன்னதோ என்னவோ, அந்தச் சத்தத்துக்குள் எனக்கு வித்தியாசம் விளங்கவில்லை.

"அம்மா, நான் அங்கால போய்க் கிட்டப் பாத்துக்கொண்டு வாறன்."

"விழுந்து கையைக் காலை முறிச்சுக்கொண்டு நிக்காத," என்றார் அம்மா.

பிடியைப் பிடித்தேன். நடுவில் போனதும் கால் வழுக்கியது. முழுப் பாரத்தையும் குடையில் போட்டுவிட்டேன். அவர் இழுத்தார், நான் நிமிர்ந்தேன், குடையின் பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, உங்கட குடை!" என்று கத்தினேன். கத்தினால்தான் கேட்கும்.

"குடை போனால் போகட்டும். நீங்கள் அசையாதேங்கோ. உதில பாசி, இங்கால காலை வையுங்கோ."

கால் வைத்தேன். பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த வேலையைத் தொடங்கினேன்.

"நீங்கள் வட்டக்கச்சியோ?"

"ஓம்."

"ஐயாத்துரை அண்ணையைத் தெரியுமோ?"

"தெரியும். ஏன்?"

"அவரோ உங்களை இதில நிக்கச் சொன்னவர்?"

"இதில நிக்க ஆர் சொல்லுறது? சனம் விழுகுது, அதான் நிண்டனான். வான் பாக்கவெண்டுதான் விடிய வந்தனான். இன்னும் பாக்கேல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பொம்பிளை யாரென்று தெரியக்கூடாது என்று நான் போட்ட நிபந்தனையை இந்த மனிதர் எவ்வளவு மரியாதையாகக் காக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு இளகிப்போய்விட்டது. நெஞ்சு இளகினால் எனக்கு வாய் நிற்காது.

"அப்ப ஐயாத்துரை அண்ணையிட்டைச் சொல்லிவிடுங்கோ. எனக்குச் சம்மதம்."

"என்னத்துக்கு?"

"வந்த விஷயத்துக்கு!"

"வான் பாக்கிறதுக்கோ?"

"சும்மா பகிடி விடாதேங்கோ. நான் விமலேஸ்வரி. கண்டாவளை. கலியாணத்துக்குச் சம்மதம் எண்டு சொல்லுறன்!"

தண்ணீர்ச் சத்தத்தை மிஞ்சக் கத்தியதில் பாலத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடலைக் கோது ஊதிய சேட்டு விசில் அடித்தது. அவர் தலையில் இருந்து தண்ணீர் ஒழுகியது.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

இப்படி நான் ஒருவருக்குச் சொல்லுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. அருவியைப் பார்க்காமலே, அடுத்து வந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கடந்து, அணைக்கட்டில் ஏறினேன். முகம் சுட்டது.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஐயாத்துரை அண்ணை நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், குடைக்குக் கீழே, வெள்ளைச் சேட்டோடு.

"பிந்திப்போச்சு பிள்ளை, குறை நினையாத," என்றார் அண்ணை. "தையல்காரன் சேட்டைத் தரேல்லை. நீலத் துணி அவனிட்ட மலையாக் குவிஞ்சு கிடக்கு. விடிய மட்டும் பாத்துக்கொண்டிருந்து, கடைசியில வீட்டில கிடந்த வெள்ளையைப் போட்டுக்கொண்டு வாறார். இவர்தான் கதிர்காமநாதன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. வானும் நின்றுபோனது போல இருந்தது. அந்தச் சனத்துக்குள் நீலம் போடாத ஒரே மனிதர் அவர்தான், அவரைத்தான் நான் நீலத்தில் தேடியிருக்கிறேன். யார் பொம்பிளை என்று தெரியக்கூடாது என்ற என் நிபந்தனையும் அதோடு போயிற்று. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி நல்லாப் பாயுது" என்றார். நல்ல மனிதர் என்பது பார்க்கத் தெரிந்தது. ஓம் என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கீழே, பிடியில்லாத குடையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நீலச் சேட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

வரும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சந்தோசப் புழுகம். மாப்பிள்ளையின் அடக்கம், மாப்பிள்ளையின் நடை, வெள்ளையில் எவ்வளவு எடுப்பு என்று யோகலிங்கம் அண்ணாவின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். யதுர்ஷிகா என் சேலைத் தலைப்புக்குள் கிடந்த குடைப்பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள். காதுக்குள் நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அந்தாளின்ர பேரென்ன?"

"கேக்கேல்லை."

"உன்ர பேர், ஊர், சம்மதம் எல்லாம் குடுத்திருக்கிறாய். பேர் கேக்கேல்லையோ?"

செவ்வாய்க்கிழமை ஐயாத்துரை அண்ணை வந்து, மாப்பிள்ளை பகுதிக்குப் பூரண திருப்தி என்றார். அம்மா அழுது, கற்பூரம் கொளுத்தி, எனக்கு விபூதி பூசிவிட்டார். நான் மரம் மாதிரி நின்றேன். இத்தனை காலமும் காத்திருந்த சொல் வந்திருக்கிறது, ஏன் எனக்குச் சந்தோசம் வரவில்லை?

"அவரில என்ன குறை?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை."

"அப்ப ஓமெண்டு சொல்லன்."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லுறன்."

எனக்கு என்னையே விளங்கவில்லை. ஒருவரிடம் சம்மதம் சொன்னது ஆள் மாறி. ஆள் மாறிச் சொன்ன சொல்லுக்கு என்ன பெறுமதி? ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன நேரம் பொய் சொல்லவில்லையே. அந்த மனிதருக்கு மனைவி இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். கண்டாவளையில் ஒரு விசரி இருக்கிறாள் என்று வட்டக்கச்சித் தேத்தண்ணீர்க் கடைகளில் இப்போது கதை போய்க்கொண்டிருக்கலாம். கதிர்காமநாதனுக்கு ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தால், தண்ணீருக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்த ஆள்தான் முன்னுக்கு வந்தார். மூன்று நாளும் கடையில் துணியைக் கோணலாகக் கிழித்தேன். மனேச்சர், "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அரிசிக்கு நின்ற வரிசைக்குப் பக்கத்தால் ஒரு நீலச் சேட்டு துணிப் பக்கம் வந்தது. நீலச் சேட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல், நிமிரவில்லை. குடை ஒன்றை மேசையில் சாத்தி வைத்தார். பிடி இருந்த இடத்தில் கொய்யாத் தடி வெட்டிச் செருகியிருந்தது.

"ஒரு சேட்டுத் துணி வேணும்," என்றார்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

"அதுதான் போட்டிருக்கிறியளே."

"வேற நிறம் வேணும்."

"ஏன், இதுக்கென்ன?"

"இதோட போனால் ஆள் மாறிப் பாக்கினம்." அவரும் நிமிரவில்லை, மேசையோடுதான் கதைத்தார். "அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகு விசாரிக்க ஐயாத்துரை அண்ணைதான் சொன்னவர். அந்த மாப்பிள்ளைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லையாம் எண்டும் சொன்னவர். அதான், ஆள் மாறாத மாதிரி ஒரு சேட்டுத் தைச்சுப் போட்டுக்கொண்டு, வீட்டை வந்து முறையாக் கேப்பம் எண்டு..."

"பேரென்ன?"

"குகதாசன்."

"கலியாணம் முடிச்சனீங்களோ?"

"சீ, இல்லை."

"அப்ப இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அரிசி வரிசை திரும்பிப் பார்த்தது.

"யோசிச்சனான். நீங்கள்தானே வடிவா யோசிக்கச் சொன்னனீங்கள்."

பின்னால் திரும்பித் தட்டைப் பார்த்தேன். மேல் தட்டில் நீலம். கீழ்த் தட்டில் நீலம். பக்கத்தில் கலண்டரில் சத்தமில்லாத அருவி. வேறு நிறத்தில் ஒரு முழத் துண்டுகூடக் கிடையாது.

"வேற நிறம் இல்லை," என்றேன். "இனி எப்ப வருமெண்டும் தெரியாது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஓம், விளங்குது," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. இந்த மனிதர் அதை என் பதில் என்று எடுத்துக்கொண்டு போகிறார்! அம்மாவுக்கு என்ன சொல்வேன், அந்த நல்ல வெள்ளைச் சேட்டுக்கு எந்த முகத்தோடு சொல்லி அனுப்புவேன், ஒன்றும் தெரியவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த குடைப்பிடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"இஞ்ச! நில்லுங்கோ!"

வரிசையில் நின்ற நீலச் சேட்டுகள் எல்லாம் திரும்பின. அவரும் திரும்பினார்.

"பின்னேரம் வீட்டை வாங்கோ. பணியாரம் சுடமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்." குடைப்பிடியை அவருக்கு நேரே நீட்டினேன். "உந்த நீலத்தோடயே வாங்கோ. எனக்கு இனி ஆள் மாறாது."